கருப்பருக்கு நேர்ந்த மேனேஜர்

அன்னவாசலைத் தாண்டிக் கிளைச்சாலையில் கார் இறங்கியதுமே என் மகள் அன்புமொழி கண்ணாடியை இறக்கிவிட்டு, "மேனேஜர், மேனேஜர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கோடை விடுமுறையில் அவளும் அவள் அம்மா கார்த்திகாவும் மட்டும் இந்தப் பண்ணையில் வந்து தங்கிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு மின்வாரியத்தில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் உறையூர்க் கறிக்கடை, மத்தியானம் வயிறு முட்டச் சாப்பாடு, அதற்கப்புறம் ஒரு தூக்கம் என்று வாழ்கிற ஆள் நான். சாணி வாசத்துக்குப் பணம் கட்டிப் போகிறவர்களை ஆபீசில் உட்கார்ந்து நன்றாகக் கேலி செய்திருக்கிறேன். இந்த ஆடி மாதம் என்னையும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள்.

கேட்டைத் திறந்தவர் உதயசூரியன். குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன செம்மண் புஞ்சையில் மூன்று ஓட்டு அறைகள் கட்டி, சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கறுப்புக் கிடா வந்தது. நெற்றியில் கை அகலத்துக்கு வெள்ளை. அது காரைச் சுற்றி வந்து டயர்களை மோந்து பார்த்தது. டிக்கியைத் திறந்ததும் உள்ளே தலையை விட்டு எங்கள் பைகளைச் சோதனை போட்டது. பிறகு என் எதிரில் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்த பெட்ரோல் பங்க் பில்லை உருவி மென்று தின்றது.

"இவருதான் சார் மேனேஜர்" என்றார் உதயசூரியன். "காலையில ஒவ்வொரு ரூமாப் போயிக் கதவ முட்டுவாரு. எல்லாரும் இருக்காகளான்னு பாத்துட்டுத்தான் மேயப் போவாரு. சென்னையிலருந்து வந்தவுக வச்ச பேரு."

அன்புமொழி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் மாட்டுக் கொட்டகையிலிருந்து உதயசூரியனின் மனைவி பரிமளா வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. சட்டென்று சிரித்து, வாங்கக்கா, வாங்க சார் என்று பையை வாங்கிக்கொண்டாளே தவிர, வந்திருக்க வேண்டாத நாளில் வந்துவிட்டோம் என்பது எனக்குப் புரிந்துபோனது. கொட்டகைக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். இந்த வாரம் யாரும் வேண்டாம் என்று போனில் புக்கிங் தேதியை அடைத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள் அவள். அவர் மறந்துவிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்க சாமிக்குப் பூசை சார், சொந்தக்காரவுக கொஞ்சப்பேரு வருவாக, கூட்டமா இருக்கும், கோவிச்சுக்காதீங்க என்று உதயசூரியன் வந்து சொன்னார். சாமி பூசை என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆடி மாதம், கருப்பர் கோயில் என்றால் கிடாவெட்டில்லாமலா? எனக்கு அதில் என்ன கோபம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் கதவில் முட்டு விழுந்தது. திறந்தால் மேனேஜர். உள்ளே வந்து கட்டிலுக்கடியில் பார்த்து, குளியலறைக் கதவைத் தலையால் தள்ளிப் பார்த்து, திருப்தியாகி வெளியே போனது. கார்த்திகா தூக்கக் கலக்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தாள். ஆடிக்காற்று அதற்குள் எழுந்துவிட்டிருந்தது. செம்மண் தூசி தலைக்கு மேலே பறந்து போனது. கடலைக் காட்டில் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பரிமளா கல்லில் இட்லி மாவின் மிச்சத்தை ஊற்றித் தோசை சுட்டு, வறுத்த கடலையில் சட்னி அரைத்துப் போட்டாள். எத்தனை சாப்பிட்டேன் என்று கார்த்திகா எண்ணிக்கொண்டிருந்தாள், நான் எண்ணவில்லை.

இங்கே உள்ள எந்தப் பிராணிக்கும் மனிதனைக் கண்டால் பயமே இல்லை. வாத்துகள் நம் பின்னாலேயே வரிசை கட்டி வருகின்றன. விராலிமலை ஜல்லிக்கட்டு வாடிவாசலில் ஒரு காலத்தில் ஆட்களைத் தூக்கிப்போட்ட காளை ஒன்று புளியமரத்தடியில் நின்று, குழந்தைகள் கையிலிருந்து வாழைப்பழத் தோலை வாங்கித் தின்கிறது. நான் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் பேப்பரோடு உட்கார்ந்தேன். மேனேஜர் வந்து என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. தள்ளிவிட்டேன். மறுபடி வைத்தது. கொம்புக்கு நடுவே கொஞ்சம் சொறிந்துவிட்டேன். கண்ணைச் சொருகிக்கொண்டு உறுமல்போல ஒரு சத்தம் போட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆட்டுக்கறி தின்கிறவன் நான். ஒரு ஆட்டின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினோரு மணி வாக்கில் அன்புமொழி குழாயைப் பிடித்து மேனேஜரைக் குளிப்பாட்டினாள். இந்தப் பண்ணையில் குழந்தைகளுக்கு அதுதான் பெரிய விளையாட்டு. வருகிற பிள்ளைகள் எல்லாம் இதைச் செய்வார்கள், சில நாள் ரெண்டு தடவைகூடக் குளிப்பார் என்று உதயசூரியன் பெருமையாகச் சொன்னார். ஆடு தண்ணீரைக் கண்டால் ஓடும் என்று நான் நினைத்திருந்தேன். இது குழாய்க்கு நேராக வந்து முகத்தைக் காட்டியது. காதிலும் முதுகிலும் தண்ணீர் வழிந்தது. அசையாமல் நின்று, குழாயை நிறுத்தியதும் இன்னும் கொஞ்சம் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

நான் வேலியோரமாக நடந்து போனபோது அந்தப் பக்கத்துக் கத்திரித் தோட்டத்தில் ஒரு பெரியவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரூமுக்கு வந்தவுகளா?"

ஆமாம் என்றேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். வாய்க்காலைத் திருப்பிவிடப் போய்விட்டார். அவர் உதயசூரியனின் அண்ணன் ரெங்கசாமி என்று பிற்பாடு தெரிந்தது. வீடு தேடி வந்தவர்களுக்குச் சோறு போட்டுக் காசு வாங்குவது அவருக்கு மானக்கேடு. அறைகள் கட்டியதிலிருந்து தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. நாளைக்குப் பூசைக்கு மட்டும் வருவார். கருப்பருக்கு எது செய்தாலும் வீட்டுக்கு மூத்தவர் முன்னால் நின்றாக வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் காபி கேட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். பரிமளா உரலில் மல்லியும் மிளகாயும் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். அறுபது பேருக்கு மசாலா. கண்ணில் நீர் வழிந்தது. மிளகாய் நெடி என்று நினைத்து, மிக்ஸியில் போடக்கூடாதா என்று கேட்டேன். அவள் உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல சார். நாளைக்கி வெட்டப்போற கிடா அதுதான்."

எதுவென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அது வாசலில் அன்புமொழியோடு நின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால, வெள்ளன மோட்டார் போடப் போன எங்க வீட்டுக்காரவுகளக் கட்டுவிரியன் கடிச்சிருச்சு. கண்ணு சொருகிருச்சு. ஆம்புலன்ஸுல தூக்கி ஏத்துறாக. தாய் செத்துப்போன இந்தக் குட்டி பாலுக்கு என் காலுல வந்து முட்டுது. கருப்பா, இவுகளத் திருப்பிக் குடு, இத ஒனக்குக் குடுக்குறேன்னுட்டேன். வேற எதுவும் சொல்லத் தோணல. கைக்கு முன்னால இருந்தது அதுதான். அவரு குடுத்துட்டாரு. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியிலருந்து நடந்து வந்தாக. இனி நாந்தான குடுக்கணும்."

வேறு ஒரு கிடா வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"இதுன்னு சொல்லிட்டேனே சார். அவரு வேற ஆளையா திருப்பித் தந்தாரு?"

பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். பேர் வைக்கக் கூடாது என்று இருந்திருக்கிறாள், வந்தவர்கள் வைத்துவிட்டார்கள். உதயசூரியனுக்கும் மனசில்லைதான். ஆனால் அவர் உயிருக்கு ஈடாகச் சொன்ன வாக்கை அவரே எப்படி வேண்டாம் என்பார்? போன ஆடியில் செய்திருக்க வேண்டியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளியாயிற்று. இந்த வைகாசியில் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, கருப்பர் ஞாபகப்படுத்துகிறார் என்று பரிமளா பயந்துபோய்த் தேதி குறித்துவிட்டாள். அன்றிலிருந்து ஒருவேளைக் கஞ்சியோடு விரதம் இருக்கிறாள்.

கார்த்திகாவிடம் சொன்னேன். உடனே கிளம்பலாம் என்றாள். பிறகு அவளே, போனால் பிள்ளைக்கு என்ன காரணம் சொல்வது என்று உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ஞாயிறு காலை அவள் அன்புமொழியைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போவது, மத்தியானம் வந்ததும் மேனேஜரை யாரோ சொந்தக்காரர்கள் வளர்க்கக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். நாங்கள் நன்றாகவே பொய் சொல்கிறவர்கள்தான். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இருவருக்கும் இறங்கவில்லை.

கருப்பர் கோயில் பண்ணைக்குப் பக்கத்திலேயே கண்மாய்க் கரையில் உசிலமரத்தடியில் இருக்கிறது. கூரை கிடையாது. மண் குதிரைகள், இரண்டு அரிவாள், மணிகள், அவ்வளவுதான். நான் போனபோது அடுப்புக் கூட்டி உலை வைத்துவிட்டிருந்தார்கள். பெரிய அண்டாவில் சோற்றுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கழுத்தில் மாலையோடு அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாக மோந்து பார்த்துவிட்டு வந்தது. மாலையிலிருந்து இரண்டு பூவைப் பிய்த்துத் தின்றது. சொந்தக்காரப் பெண்கள் சிலர் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை. ஈரச் சேலையோடு கைகட்டி நின்றாள். ரெங்கசாமி மூத்தவருக்கான இடத்தில், தம்பிக்கு ஆறடி தள்ளி, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

திருப்பதி என்கிற பூசாரி சூடம் காட்டி முடித்து, செம்பில் மஞ்சள் தண்ணீரை எடுத்தார். இந்தப் பக்கத்தில் சாமியிடம் கேட்காமல் வெட்டமாட்டார்கள். கிடாயின் தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி சரி என்று உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். எல்லா ஆடும் தண்ணீர் பட்டால் சிலுப்பும். அதனால் உத்தரவு வராமல் போவது அபூர்வம்.

திருப்பதி தெளித்தார். மேனேஜர் முகத்தைத் தூக்கிக் காட்டியது. மறுபடி தெளித்தார். கண்ணை மூடிக்கொண்டது. செம்பைக் கவிழ்த்து முதுகு முழுக்க ஊற்றினார். அது சுகமாக ஒரு உறுமல் உறுமி, இன்னும் கொஞ்சம் என்று செம்புப் பக்கம் திரும்பியது.

நேற்றைய குழாயடி எனக்கு ஞாபகம் வந்தது. உதயசூரியனைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். கருப்பருக்கு விட்ட கிடாயை இரண்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளை விட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தானே? பரிமளா மட்டும் கிடாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உத்தரவு வரவில்லை என்றால் அந்த வீட்டில் யாருக்கோ மனத்தாங்கல் இருக்கிறது என்பது நம்பிக்கை. இருக்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள் என்று திருப்பதி சொன்னார். எல்லாருடைய கண்ணும் அண்ணன் தம்பி பக்கம் திரும்பியது. ரெங்கசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்குத்தான் மனத்தாங்கல். வந்தவுகளுக்குச் சோத்தப் போட்டுக் காசு வாங்குறானேன்னு இவன் வீட்டுல தண்ணி குடிக்காம இருந்தேன். அது என் வெக்கம். அதுக்கு இவன் குடும்பம் என்ன பண்ணும். விட்டுட்டேன்."

உதயசூரியன் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுப் படி ஏறாமலே மாட்டுக்குத் தீவனம் வைத்தது, மோட்டார் போட்டுப் பயிரைக் காத்தது எல்லாம் அண்ணன்தான், வீடு திரும்பிய பிறகு அவர் வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லாதது தன் தப்பு என்றார். ரெங்கசாமி தம்பி நெற்றியில் திருநீற்றைப் பூசினார். பெண்களில் பாதிப் பேர் அழுதார்கள்.

இனிமேல் சிலுப்பிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். திருப்பதி புதுத் தண்ணீர் எடுத்துத் தெளித்தார். மேனேஜர் நாக்கை நீட்டி அதை நக்கியது.

இப்போது பயம் பிடித்துக்கொண்டது. இவன் உசுருக்குச் சொன்ன வாக்காச்சே என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். காதில் ஊற்றுங்கள், சிலுப்பும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பல கோயில்களில் நடப்பதுதான். திருப்பதி ஒரு கையால் கிடாயின் காதைப் பிடித்து, செம்பைச் சாய்க்கப் போனார்.

"இருங்க பூசாரி" என்றாள் பரிமளா. முன்னால் வந்து, மண் குதிரைகளுக்கு நேரே நின்றாள். குரல் பெரிதாக இல்லை. ஆனால் அங்கே வேறு சத்தமே இல்லை.

"கருப்பா, ஒனக்குத் தெரியாததில்ல. ஆனா நாஞ் சொல்லாம நின்னா அது திருட்டு. இதத் தெனந்தெனம் புள்ளைக குளிப்பாட்டித் தண்ணி பழகிப்போச்சு. தெளிச்சாச் சிலுப்பாது. மொதச் செம்புலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்லதாப் போச்சுன்னு வாய மூடிக்கிட்டு நின்னேன். எனக்கு இதக் குடுக்க மனசு வரல. ஆனாச் சொன்னது சொன்னதுதான். ஒன்னைய ஏமாத்தி இத வச்சுக்க மாட்டேன். காதுல ஊத்தணும்னா ஊத்திக்கங்க."

சொல்லிவிட்டு அவளே கிடாயின் காதைப் பிடித்துக் கொடுத்தாள். அது அவள் கையை நக்கியது. நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் கண்மாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"செம்பக் கீழ வையி திருப்பதி" என்று ரெங்கசாமியின் குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் பூசாரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"காதுல ஊத்துனா நாங்கூடத்தான் சிலுப்புவேன். அதுக்குப் பேரு உத்தரவா? நம்ம அய்யா காலத்துல என்னைக்காச்சும் காதுல ஊத்தி வெட்டிருக்கமா?"

தண்ணீர் பழகின கிடாய்க்கு வேறு எப்படிக் கேட்பது என்று திருப்பதி தயங்கினார்.

"பழக்குனது யாரு? ரெண்டு வருசமா ஊரு ஊராப் புள்ளைக வந்து தண்ணி ஊத்துச்சு. கருப்பரு இங்க ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? வேணும்னு நெனைச்சிருந்தா அப்பவே நிறுத்தியிருக்க மாட்டாரா? அவ இம்புட்டையும் ஒளிக்காமச் சொல்லிட்டா. அதுக்கப்புறமும் அவரு வாயத் தொறக்கல. நாம எதுக்கு அவரு வாயப் புடிச்சுத் தொறக்கணும்?"

திருப்பதி செம்பைக் கீழே வைத்தார். பிறகு மணியை எடுத்து அடித்தார். உத்தரவு இல்லை, கிடாயைக் கோயிலுக்கே உயிரோடு விட்டுவிடலாம் என்று சொன்னார். காது நுனியில் லேசாக ஒரு கீறல் போட்டு, மஞ்சளை அப்பி, பரிமளாவைக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். இனி அது கோயில் கிடா. யாரும் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. எந்தக் காட்டில் மேய்ந்தாலும் கேட்பாரில்லை. பரிமளா முடிச்சில் கை வைத்தாள். உதயசூரியன் குனிந்து கூட அவிழ்த்தார்.

அவிழ்த்துவிட்டதும் மேனேஜர் நேராக ரெங்கசாமியின் கடலைக் காட்டில் இறங்கியது. பூவிட்டிருக்கிற பயிர். பெரியவர் கையில் குச்சியை எடுத்து, பிறகு கீழே போட்டுவிட்டார். தீர்ப்பு அவர் சொன்னதுதானே? நான் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். "சிரிங்க, சிரிங்க" என்றார்.

அதற்குள் வேறு ஒரு கவலை வந்துவிட்டது. அறுபது பேருக்குச் சோறு வெந்துவிட்டது, கறி இல்லை. கோழி பிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, கருப்பர் வேண்டாம் என்ற நாளில் எதையும் வெட்டவேண்டாம் என்று ரெங்கசாமி சொல்லிவிட்டார். தன் தோட்டத்துக்குப் போய் இரண்டு சாக்குக் கத்திரிக்காய் பறித்துக்கொண்டு வந்தார். கறிக்கு இடித்த மசாலாவை அப்படியே கத்திரிக்காயில் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, பண்ணை வீட்டு முற்றத்தில் இலை போட்டார்கள். கறி தின்ன வாய் ஊற வந்தவன் நான். அந்தக் கத்திரிக்காய்க் குழம்புக்கு மூன்று தடவை சோறு வாங்கினேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். கார்த்திகாவும் அன்புமொழியும் வந்து சேர்ந்தார்கள். கார்த்திகா தயார் செய்துவைத்திருந்த பொய்யோடு காரிலிருந்து இறங்கினாள். கடலைக் காட்டில் நிற்கிற மேனேஜரைப் பார்த்ததும், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

ரெங்கசாமி தம்பி வீட்டு முற்றத்தில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். முதலில் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு சொம்பும் குடித்தார். பரிமளா அவருக்குக் குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகவில்லை. கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

"பெரியத்தான், வாக்குத் தீந்துருச்சுங்களா? இவுகளுக்கு ஒண்ணும் வந்துறாதே?"

ரெங்கசாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த தம்பியை ஒரு தடவை பார்த்தார்.

"குடுக்குறேன்னு சொன்ன. காதப் புடிச்சுக் குடுத்த. அவரு வாங்கிக்கிட்டாரு, உசுரோட வாங்கிக்கிட்டாரு. குடுத்த பொருள அவரு எப்புடி வச்சுக்கிட்டா ஒனக்கென்ன ஆத்தா? போ, போயிச் சாப்புடு."

பரிமளா கரண்டியைப் புருஷன் கையில் கொடுத்தாள். பந்தியின் கடைசியில் ஒரு இலையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து உட்கார்ந்தாள். உதயசூரியன் சோறு போட்டார். போதும் என்று அவள் கையைக் காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.